கையொப்பமிட்டவர் கடமை

தவறு செய்து பழி சுமந்த ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்தலாமா என்பது மிகப் பழைய கேள்வி. 'திருந்த நினைப்பவனுக்கு வழி விட வேண்டும்' என்பார் ஒரு சாரார். 'செய்ததை எங்ஙனம் மறப்பது?' என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் தவறு செய்தவரைப் பற்றியே பேசுகின்றனர். அவரைத் தேடிச் சென்று அழைத்து, ஊதியம் பேசி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு அமர்த்திக்கொள்கிறாரே, அவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அந்த இரண்டாமவருடைய பொறுப்பைப் பற்றியே இக்கட்டுரையில் சிந்திக்க விரும்புகிறோம்.

இதற்குக் கால்பந்துக் கழகங்களை எடுத்துக்காட்டாகக் கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பள்ளியிலோ அலுவலகத்திலோ இத்தகைய முடிவுகள் மூடிய அறைக்குள் எடுக்கப்படுகின்றன. விளையாட்டுக் கழகங்களோ அவற்றை ஊரறிய எடுக்கின்றன. எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு, யார் சம்மதித்தார், யார் எதிர்த்தார் என்பன எல்லாம் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஆகவே அறத்தைச் சீர்தூக்கிப் பார்க்க அவை நல்ல களங்கள்.

வர்ஜீனியாவில் நடந்தது

அமெரிக்காவில் கால்பந்து என வழங்குவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் ஆட்டம் அது. அதில் மைக்கேல் விக் என்பவர் பெரும்புகழ் பெற்றவர். 2001ஆம் ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கையில் அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணி முதல்வராகத் தேர்ந்துகொண்டது அவரையே. 2004இல் பத்தாண்டுகளுக்கு 13 கோடி டாலர் என ஒப்பந்தம் எழுதப்பட்டது.

2007 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலத்தில் அவருக்குச் சொந்தமான இடம் ஒன்றைக் காவல்துறையினர் சோதனையிட்டனர். அங்கே ஏறத்தாழ ஐம்பது நாய்கள் இருந்தன. அவற்றைச் சண்டைக்குப் பழக்கி, ஒன்றோடொன்று மோதவிட்டுப் பந்தயம் கட்டும் தொழில் சில ஆண்டுகளாக நடந்துவந்தது வெளிப்பட்டது. சண்டைக்கு உதவாத நாய்களைத் தூக்கிலிட்டும் நீரில் அமிழ்த்தியும் கொன்றிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டில் விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பரில் 23 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மீட்கப்பட்ட நாய்களின் பராமரிப்புக்கென ஏறத்தாழ 9,28,000 டாலர் செலுத்தவும் நீதிமன்றம் பணித்தது. 2008இல் அவர் திவாலானார்.

2009 ஜூலையில் விடுதலை பெற்றார். ஆகஸ்டு மாதத்தில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை ஏற்றது. முதலாண்டு ஊதியம் 16 இலட்சம் டாலர். அணியின் பயிற்சிக் களத்திற்கு வெளியே எதிர்ப்பாளர்கள் கூடினர். அணியின் உரிமையாளர் ஜெஃப்ரி லூரி நாய்களிடம் அன்புடையவர். இம்முடிவுக்கு வரத் தாம் பெரிதும் தயங்கியதை வெளிப்படையாகக் கூறினார். வீரர் களத்தில் ஆடினால் மட்டும் போதாது, விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் குறைக்கவும் அவர் பாடுபட வேண்டும் என்றார்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

இவ்வழக்கில் நம் கவனத்தை ஈர்ப்பது ஒரு செய்தி. அந்த நாய்ச்சண்டைத் தொழிலுக்கான பணத்தை ஏறக்குறைய முழுவதும் கொடுத்தவர் விக் என்பதை நீதிமன்றத்தில் அவரே ஒப்பிய ஆவணம் கூறுகிறது. நாய்களின் சாவு அவரும் கூட்டாளிகளும் சேர்ந்து செய்த செயலின் விளைவு என்றும் அது கூறுகிறது. எந்த நாயை யார் கை கொன்றது எனத் தனித்தனியே பிரித்துப் பார்த்து அவரை விலக்கிவிடச் சட்டம் முன்வரவில்லை. பொருள் கொடுத்தவரும் வினையில் பங்காளியே என்றது.

செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என வினையை மூன்றாக வகுத்துப் பார்ப்பது நம் வாசகர்களுக்குப் பழகிய முறை. சட்டமும் தன் வழியில் அதே இடத்தை வந்தடைவதைக் காண்கிறோம். அது இன்னும் ஒரு படி மேலே சென்றது. விலங்குச் சண்டையை வேடிக்கை பார்க்கச் செல்வதையும் குற்றமாக்கும் சட்டம் வேண்டும் என்று 2011இல் அமெரிக்க நாடாளுமன்ற வளாகத்தில் ஹியூமேன் சொசைட்டி என்னும் விலங்குநல அமைப்பினருடன் நின்று வேண்டியவர்களுள் விக்கும் ஒருவர். 2014இல் அது சட்டமாயிற்று. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையை அத்தகைய சண்டைக்கு அழைத்துச் செல்பவருக்குத் தண்டனை இன்னும் கூடுதல்.

இச்சட்டத்தின் உட்பொருள் யாது? பார்ப்பவர் கொடுக்கும் காசும் கைத்தட்டலும் இல்லையேல் அந்தக் களமே இல்லை என்பதுதான். அவ்வாறாயின் அதே அளவுகோலைக் கால்பந்துக் களத்திற்கும் கொண்டுவர வேண்டாவா? விளையாட்டு குற்றமன்று, நாய்ச்சண்டையோடு அதனை ஒப்பிடுதல் தகாது. ஆயினும் பங்கு என்பது இங்கும் உண்டு. ஒருவரை அணியில் சேர்த்துக் கையொப்பமிடுபவர், அவ்வீரரின் பெயரை இனி தம் பெயரோடு சேர்த்துக்கொள்கிறார். சீட்டு வாங்கி அமர்பவரும் அவர் பெயர் பொறித்த சட்டையைப் பிள்ளைக்கு வாங்கித் தருபவரும் தத்தம் அளவில் உடன்படுகின்றனர். நடந்து முடிந்த தீவினைக்கு இவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். இனி நடக்கப்போவதற்குப் பொறுப்பாளிகள். இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் கொள்ளுதல் வேண்டும்.

மன்னிப்பு யாருடையது?

இத்தகைய வேளைகளில் 'நாங்கள் மன்னித்துவிட்டோம்' என்று கூறுவோரைக் காண்கிறோம். இது நல்ல மனத்தினின்றும் பிறக்கும் சொல்லே. எனினும் கூர்ந்து நோக்கினால் அது கூறுவோர்க்கு உரிமையில்லாத பொருளைத் தானம் செய்வதாகும். மன்னிப்பு, தீங்குற்றவருடைய உடைமை. அயலார் எடுத்து வழங்க இயலாது. ஆண்டுதோறும் எல்லா உயிர்களிடமும் பிழை பொறுக்க வேண்டும் என்று கேட்கும் வழக்கமுடைய நாம் இதனை எளிதில் உணர்வோம். அந்நாளில் நாம் மன்னிப்பைக் கேட்கிறோம். பொறுக்கப்பட்டது என்று நாமே அறிவித்துக்கொள்வதில்லை.

வர்ஜீனியாவில் தீங்குற்றவை வாய் பேசாத உயிர்கள். இறந்தவை திரும்பா. பிழைத்தவற்றுக்கு நீதிமன்றம் செய்தது எண்ணத்தக்கது. அதுகாறும் இவ்வாறு பிடிபடும் சண்டை நாய்களைப் பெரும்பாலும் கொன்றுவிடுவதே வழக்கம். இம்முறை சட்டப் பேராசிரியை ஒருவரை நாய்களின் நலன் காக்கும் பொறுப்பாளராக நீதிமன்றம் அமர்த்தியது. ஒவ்வொரு நாயும் தனித்தனியே ஆராயப்பட்டது. பெரும்பாலானவை காப்பகங்களிலும் பின் இல்லங்களிலும் வாழ்வு பெற்றன. 22 நாய்கள் யூட்டா மாநிலத்துக் காப்பகம் ஒன்றிற்குச் சென்றன. அவற்றின் உணவுக்கும் மருந்துக்கும் குற்றவாளியின் பணம் பயன்பட்டது. இதனைக் கழுவாய் என்னலாம். தீங்குற்ற உயிரை நேரே சென்றடைந்த கழுவாய்.

ஆகவே அணி உரிமையாளர் வழங்கக்கூடியது மன்னிப்பு அன்று, நம்பிக்கை. நம்பிக்கை வழங்குபவர் தம் உடைமையையே வழங்குகிறார். அது பொய்த்துப்போனால் இழப்பும் அவருடையதே. இவ்விழப்பை ஏற்க அவர் அணியமாக இருந்தால் அது அறம். இழப்பைப் பிறர் தலையில் சுமத்திவிட்டு ஆதாயத்தை மட்டும் தாம் எடுத்துக்கொண்டால் அது வாணிகம். ஒருவரை ஏற்ற கழகத்தை மதிப்பிட இதனினும் நேரிய அளவுகோல் நமக்குத் தெரியவில்லை.

பிலடெல்பியா அணியை இவ்வளவுகோலால் அளந்தால் ஓரளவு தேறும். முடிவு எடுத்தவர் தம் பெயரோடு முன்னின்றார். விலங்குநல அமைப்புகளுக்கு நிதியுதவி வழங்கும் திட்டம் ஒன்றை அணி தொடங்கியது. வீரரும் பள்ளிகளுக்கும் இளைஞர் கூடங்களுக்கும் சென்று தாம் செய்தது கொடுமை என்று பேசினார். ஈட்டிய ஊதியத்திலிருந்து ஒரு கோடியே எழுபது இலட்சம் டாலருக்கு மேல் கடன்காரர்களுக்குத் திருப்பிச் செலுத்தினார். தொழில் மறுக்கப்பட்டிருந்தால் அக்கடன்காரர்களும் தெருவில் நின்றிருப்பர் என்பதை 'ஒருபோதும் சேர்க்கலாகாது' என்போர் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சி நிற்கிறது. 2010இல் விக் மிகச் சிறப்பாக ஆடினார். மீண்டெழுந்த சிறந்த வீரர் என்னும் விருது பெற்றார். 2011இல் ஆறாண்டுகளுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. உடனே பலர், 'பார்த்தீர்களா, அவரைச் சேர்த்தது சரியே' என்றனர். பந்தை நெடுந்தொலைவு எறிவதற்கும் நெஞ்சு திருந்துவதற்கும் என்ன தொடர்பு? அவர் அவ்வாண்டு தோற்றிருந்தால் சேர்த்தது பிழையாகிவிடுமா? வெற்றியைச் சான்றாகக் காட்டுவோர், தோல்வியுற்ற நாளில் அதே மனிதரைக் கைவிடவும் தயங்கார். அதே ஆண்டில் அதே சிறைகளிலிருந்து வெளிவந்த, பந்தெறியத் தெரியாத ஆயிரமாயிரம் பேரை வாயிலில் நின்று வரவேற்க எவரும் இல்லை. திருந்துவதற்குத் திறமை நிபந்தனையானால், அதனை அருள் என்று அழைக்க நமக்கு நாக்கூசுகிறது.

ஸ்காட்லாந்தில் ஒரு கழகம்

இனி வேறொரு நாட்டுக்குச் செல்வோம். ஸ்காட்லாந்தில் ஆடப்படுவது நாம் அறிந்த கால்பந்து. அங்குக் கெர்க்கால்டி என்னும் ஊரில் ரெய்த் ரோவர்ஸ் என்னும் கழகம் உள்ளது. 2022 ஜனவரி 31ஆம் நாள் அக்கழகம் டேவிட் குட்வில்லி என்னும் வீரரை ஒப்பந்தம் செய்தது. 2011இல் ஒரு பெண்ணை வன்புணர்ந்தார் என அவர்மீது குற்றச்சாட்டு இருந்தது. போதிய சான்று இல்லை எனக் குற்றவியல் வழக்குத் தொடரப்படவில்லை. அப்பெண் தொடுத்த உரிமையியல் வழக்கில், குட்வில்லியும் உடனிருந்த மற்றொரு வீரரும் வன்புணர்ந்தனர் என்று 2017இல் நீதிபதி தீர்ப்பளித்து, ஒரு இலட்சம் பவுன் இழப்பீடு வழங்க ஆணையிட்டார். குட்வில்லி குற்றத்தை மறுத்தார்; மேல்முறையீடு தள்ளுபடியானது.

கழகம் முதலில் விடுத்த அறிக்கை, இது முதன்மையாக ஆட்டம் பற்றிய முடிவு என்று கூறியது. அடுத்த இரு நாட்களில் நடந்தவை சிந்தனைக்குரியவை. கழகத்தின் சட்டையில் தம் பெயர் வர நிதி அளித்துவந்தவர் வால் மெக்டெர்மிட் என்னும் நாவலாசிரியை. அவருடைய தந்தையார் அக்கழகத்திற்குத் தொண்டு செய்தவர். அவர் தம் ஆதரவை விலக்கிக்கொண்டார். மகளிர் அணியின் தலைவி விலகினார். இயக்குநர் இருவரும் பதவி துறந்தனர். பிப்ரவரி 3ஆம் நாள், தாங்கள் எடுத்தது தவறான முடிவு, அவ்வீரர் களமிறக்கப்படமாட்டார் என்று கழகம் அறிவித்தது.

இங்கே நாம் காண்பது யாது? கையொப்பமிட்டவர் கணக்குச் சொல்ல மறுத்தபோது, உடன்படுவோர் என நாம் மேலே குறித்தவர்கள் தம் உடன்பாட்டைத் திரும்பப் பெற்றனர். அவர்கள் ஏதும் இழக்காமல் இதனைச் செய்யவில்லை. மகளிர் அணித் தலைவி இழந்தது தாம் விரும்பி அணிந்த சட்டையை. நாவலாசிரியை இழந்தது தந்தை வழி வந்த பற்றை. தவறு செய்தது ஒருவர், ஒப்பந்தம் எழுதியவர் மற்றொருவர். விலை கொடுத்தவர்களோ இவர்கள். கையொப்பமிடுமுன் கேட்கப்பட வேண்டியவர்கள் இவர்களே அல்லரோ? அவர்களுள்ளும் முதலாவதாக எண்ணப்பட வேண்டியவர், நீதிமன்றத்தில் நின்று உண்மையை நிறுவிய அப்பெண்.

இன்னொன்றும் குறிக்கத்தக்கது. 2017 தீர்ப்புக்குப் பின் அதே வீரரை அதைவிடச் சிறிய கழகமான கிளைடு சேர்த்துக்கொண்டது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவர் அங்கு ஆடினார். அக்காலத்தில் இத்தகைய எதிர்ப்பு எழவில்லை. உயர்ந்த பிரிவுக்கு அவர் வந்தபோதுதான் நாடு விழித்தது. பொறுப்பு என்பது கூக்குரலின் அளவால் கூடுவதோ குறைவதோ அன்று. எவரும் பாராத சிறிய களத்தில் கையொப்பமிட்டவருக்கும் அதே கடமை உண்டு.

முன்கூட்டியே கழித்த தண்டம்

மூன்றாவதாக ஒன்றைச் சுருக்கமாகக் காண்போம். 2022 மார்ச்சில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து பிரௌன்ஸ் அணி டிஷான் வாட்சன் என்னும் வீரரை ஏற்றது. பாலியல் முறைகேடு செய்தார் என இருபதுக்கு மேற்பட்ட பெண்கள் அவர்மீது உரிமையியல் வழக்குத் தொடுத்திருந்தனர். அவர் மறுத்தார். குற்றவியல் வழக்குக்கு இடமுண்டா என ஆராய்ந்த டெக்சாஸ் நடுவர் குழுக்கள் இரண்டும் வழக்குத் தொடர இசையவில்லை. அவர் குற்றவாளியா என்பது நம் கேள்வியும் அன்று. அணி எழுதிய ஒப்பந்தத்தையே நோக்குகிறோம். ஐந்தாண்டுகளுக்கு 23 கோடி டாலர். முழுவதற்கும் உறுதி அளிக்கப்பட்டது. ஆனால் முதலாண்டின் அடிப்படை ஊதியம் 10,35,000 டாலர் மட்டுமே. எஞ்சியது வேறு தலைப்பில் வந்தது.

ஆட்டத் தடை விதிக்கப்பட்டால் இழக்க நேர்வது அடிப்படை ஊதியத்தையே. அவ்வாண்டு ஆகஸ்டில் 11 ஆட்டங்களுக்குத் தடையும் 50 இலட்சம் டாலர் தண்டமும் விதிக்கப்பட்டன. தடையால் அவர் இழந்த ஊதியம் ஏறக்குறைய 6,30,000 டாலர் அளவே. தண்டனை வருமுன்னரே அதன் சுமை குறையும்படி ஒப்பந்தம் அமைந்திருந்தது. சட்டப்படி இதில் பிழை இல்லாதிருக்கலாம். ஆனால் பொறுப்பேற்க வேண்டிய கை, பொறுப்பிலிருந்து காக்கும் குடையைப் பிடித்தது. ஒருவருக்கு வாய்ப்பு அளிப்பதும் அவரை விளைவினின்று மறைப்பதும் ஒன்றல்ல. முன்னது அவரை மனிதராக மதிக்கிறது. பின்னது அவரை விலையுயர்ந்த பண்டமாகப் பாதுகாக்கிறது.

மூன்று கடமைகள்

நாம் ஆசிரியப் பணியில் இருந்த நாட்களில், ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்ட மாணவனைப் பிறிதொரு பள்ளி ஏற்பது அரிதாகவே நடைபெறும். நல்ல தலைமையாசிரியர் அவனை ஏற்குங்கால் மூன்றைச் செய்வார். அவன் செய்தது இன்னதென்று வகுப்பாசிரியருக்கு மறைக்காமல் கூறுவார். அவனருகில் அமரப்போகும் பிள்ளைகளின் நலத்தை எண்ணுவார். அவனால் ஏதேனும் நேர்ந்தால் பெற்றோர் முன் தாமே நின்று பதில் கூறுவார். மாற்றுச் சான்றிதழில் 'நன்னடத்தை' என எழுதி எப்படியாவது அடுத்த பள்ளிக்குத் தள்ளிவிடுபவரும் உண்டு, அவரும் கையொப்பமிட்டவரே.

கால்பந்துக் கழகத்திற்கும் இம்மூன்றும் பொருந்தும். முதலாவது, உண்மை கூறுதல். 'கடந்தகாலச் சிக்கல்கள்' என்னும் மழுப்பல் சொற்களால் போர்த்தாமல், நடந்தது இன்னது, தீர்ப்பு இன்னது என்று அறிவிக்க வேண்டும். இரண்டாவது, கேட்டல். தீங்குற்றவரையும், இம்முடிவால் அஞ்சவோ வருந்தவோ கூடியவரையும் முன்னரே கேட்க வேண்டும். அவர்கள் மறுத்தால் அம்மறுப்புக்கு எடை தர வேண்டும். மூன்றாவது, பிணை நிற்றல். வீரர் மீண்டும் தவறினால் கழகம் எதனை இழக்கும் என்பது ஒப்பந்தத்திலேயே தெரிய வேண்டும்.

'இத்துணை நிபந்தனை இட்டால் எவருமே இவர்களைச் சேர்க்கமாட்டார்கள். பிழைப்புக்கு என் செய்வார்கள்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பிழைப்பு எல்லோர்க்கும் உரியது. அதனை மறுக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆரவாரிக்கும் இடம் பிழைப்பு மட்டும் அன்று, அது பெருமை. பிழைப்பை உரிமையாகக் கேட்கலாம். பெருமையை ஈட்டித்தான் பெற வேண்டும். அதற்குச் சற்றுக் காலம் பிடித்தால் அதில் அநீதி ஏதும் இல்லை.

மைக்கேல் விக் 2017இல் ஆட்டத்தினின்று ஓய்வு பெற்றார். 2024 டிசம்பரில் வர்ஜீனியாவிலுள்ள நார்ஃபோக் மாநிலப் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். எந்த இளைஞனை ஏற்பது, எவனை மறுப்பது என முடிவு செய்வது இத்தகைய பொறுப்பின் பகுதி. முன்பு பிறர் கையொப்பத்தால் வாழ்வு பெற்றவர், பிறர்க்காகக் கையொப்பமிடும் இடத்திற்கு வந்தார். பழி சுமந்த இளைஞன் ஒருவன் அவர்முன் வந்து நிற்கும் நாளும் வரக்கூடும். தமக்குக் கிடைத்த நம்பிக்கையின் விலையை அவர் அறிந்திருந்தால், அவனை உடனே அணைத்துக்கொள்ளவும் மாட்டார். உடனே விரட்டவும் மாட்டார். 'நீ யாருக்குத் தீங்கு செய்தாய்? அவர்களுக்கு இதுவரை என்ன செய்தாய்?' என்றே முதலில் கேட்பார். அவ்விரு வினாக்களையும் கேட்டு, விடையையும் கேட்டறிந்த பின்னரே எந்தக் கையும் பேனாவை எடுக்க வேண்டும்.